நான்காம் மாடிக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையர்

புரசைவாக்கம், சென்னை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய படங்களைப் பார்த்து அம்மா, பிள்ளை இளைத்துவிட்டாளே என்று வருந்தினாள். நானோ உன் காலருகே இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் மாறிப் போகும் நண்பர் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்ப்ளிஃபையரைப் பாதி விலைக்குத் தருகிறார், சென்னைக்குக் குடிவரும்போது அதையும் கொண்டுவந்துவிடட்டுமா என்று கேட்டாய். நான் வேண்டாம் என்றதும் உன் குரல் இறங்கிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் மைக்செட் வைத்துப் பிழைத்தவன் நல்லதோர் ஆம்ப்ளிஃபையரை வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று விளக்கவும் கடமைப்பட்டவன். அதைப் போனில் சொல்லி முடிக்க இயலாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எடையும் மின்சாரமும். அந்தப் பெட்டி சுமார் 29 கிலோ இருக்கும். விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோதான் அனுமதி. அதைக்கூடப் பணம் கட்டிச் சரிசெய்துவிடலாம். ஆனால் அங்கே அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் வருவது 230. நடுவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் குறையும், ஆனால் மின்சாரத்தின் அலைவு அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸாகத்தான் இருக்கும். 60-க்கென்று அளந்து சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடேறும். என்றைக்காவது ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் யாராவது அவசரத்தில் பிளக்கை நேராகச் சுவரில் செருகிவிடுவார்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. எண்பதுகளில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வந்த மெல்லிசைக் குழுவின் கிட்டார் வாசிப்பவர், ஜப்பானிலிருந்து வரவழைத்த 100 வோல்ட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்திருந்தார். அதற்கான டிரான்ஸ்ஃபார்மரை வேனிலேயே மறந்துவிட்டு, கூட வந்த பையன் அதை என் போர்டில் செருகிவிட்டான். ஃபியூஸ் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அந்த இடத்தில் யாரோ முன்பே செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். முதலில் உறுமல், பிறகு வார்னிஷ் கருகும் வாடை, பிறகு பின்பக்கத்திலிருந்து சாம்பிராணி போலப் புகை. சாமிக்குத்தான் ஏதோ போடுகிறார்கள் என்று முன்வரிசையில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று இரவு முழுவதும் அந்த மனிதர் கிட்டாரை மடியில் வைத்தபடி மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, மின்சாரத்தை எப்படியோ சமாளித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள். அப்போதும் அது உன் வீட்டுக்கு ஆகாது. அந்தப் பெட்டியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. தெளிவான நாதத்துக்கு அதைவிடச் சிறந்ததை நான் அதிகம் கேட்டதில்லை. 85 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஸ்பீக்கரை இயக்க நான்கு பவர் வால்வு, அதாவது சூடேறி வேலை செய்யும் பழைய கண்ணாடிக் குழாய்கள். அது எதற்காகப் பிறந்தது என்று யோசித்துப் பார். அந்தக் காலத்தில் மைக்செட் பாடகருக்கு மட்டும்தான். கிட்டாரின் ஓசை அதன் சொந்தப் பெட்டியிலிருந்தே கடைசி வரிசைவரை போக வேண்டும். 1965-இல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன் வாசிக்க, பீட்டில்ஸ் குழுவுக்கென்று வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து கொடுத்தும், ரசிகர்களின் கூச்சலில் அவை எடுபடவில்லை. அப்படிப்பட்ட கூட்டத்தை மனத்தில் வைத்து வளர்ந்த வம்சம் அது. மேடவாக்கத்தில் நீ குடிவரப் போகும் வீட்டின் 10க்கு 12 அடி அறையில் அதற்கு என்ன வேலை?

வாட் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 100 வாட் என்பது 10 வாட்டைப் போலப் பத்து மடங்கு சத்தம் என்று எண்ணுகிறார்கள். திறன் பத்து மடங்கானால் ஓசை 10 டெசிபெல்தான் ஏறும்; காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகத்தான் தோன்றும். திருப்பிப் பார்த்தாலும் அதே கதை. நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு வெறும் 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபெல்வரை வரும். குடியிருப்புப் பகுதிக்கு நம் நாட்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45. ஆகவே வீட்டில் நீ செலவழிக்கப் போவது அரை வாட்டுக்கும் கீழே. மீதி எண்பத்துச் சொச்சம் வாட்டுக்கு எதற்குப் பணம்? "5 வாட் வால்வு ஆம்ப் வாங்கிக்கொள்கிறேன்" என்று அடுத்து நீ கேட்பாய். வால்வின் ருசி, எல்லைவரை ஏற்றும்போது பவர் வால்வுகள் திணறி ஓசை கரகரக்கும் இடத்தில்தான் இருக்கிறது. 5 வாட் திணறும்போது கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து திணறுவார்.

கீழ்வீடு என்றதும் நினைவுக்கு வருகிறது. போன வியாழக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் அந்த நான்காம் மாடி வீட்டைப் பார்க்கப் போனோம். என் பழைய 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஹாலில் நின்று ஒரு முறை கை தட்டினேன். டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரைச்சீலை கிடையாது. தட்டிய ஓசை சில்லென்று அறைக்குள்ளேயே சுற்றியது. பெட்டியைத் தரையில் மூலையில் வைத்து, நாம் பேசும் அளவுக்கு மட்டும் ஒரு பாட்டை ஓடவிட்டேன். புதிதாகக் குடிவருகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் சாக்கில் அம்மா மூன்றாம் மாடிக்குப் போய், அந்த அம்மாள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "பாட்டு ஒன்றும் கேட்கவில்லை, யாரோ மேலே இஞ்சி தட்டுவது போல் தும் தும் என்று மட்டும் வருகிறது" என்றாள். நான் எதிர்பார்த்ததும் அதுதான். உச்ச ஸ்வரங்கள் சுவரோடு நின்றுவிடும். கீழ் ஸ்தாயி கான்கிரீட் தளத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். சுவர் மூலையில் வைத்தால் அந்தக் கீழ் ஸ்தாயி இன்னும் பெருகும்.

பிறகு வாட்ச்மேனிடம் ஸ்டூல் ஒன்று வாங்கி, அதன்மேல் பழைய மெத்தைத் துண்டை மடித்துப் போட்டு, பெட்டியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தேன். அம்மா மறுபடியும் கீழே போக வேண்டியதாயிற்று. இந்த முறை கைக்குட்டையை மறந்துவிட்டதாகச் சாக்கு. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றாள். கீழே கைக்குழந்தை இருக்கிறது என்ற செய்தியும் அந்தக் கைக்குட்டையோடு வந்தது. ஆகவே எதை வாங்கினாலும் தரையில் வைக்காதே. உட்கார்ந்து வாசிக்கும்போது உன் காது உயரத்துக்கு வரும்படி ஒரு ஸ்டூலில், அடியில் கனமான ஃபோம் போட்டு வை. ஓசை காதுக்கு நேராக வந்தால் குறைவாக வைத்தாலே போதும்.

இனி எதை வாங்குவது என்பது. உனக்குத் தெளிந்த நாதமும் வேண்டும், கொஞ்சம் கரகரப்பும் வேண்டும், பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி, வைத்த அந்த மரக் கிட்டாரையும் அதிலேயே வாசிக்க வேண்டும், இரவு பத்து மணிக்குமேல் ஹெட்போனிலும் வாசிக்க வேண்டும். இத்தனைக்கும் ஈடு கொடுப்பது மாடலிங் வகைதான். வால்வு ஆம்ப்ளிஃபையர் திணறும் விதத்தையும் அதன் பெட்டி ஒலிக்கும் விதத்தையும் ஒரு சிப் கணக்கிட்டுக் காட்டுகிறது; ஓசை எவ்வளவு குறைந்தாலும் கரகரப்பு குறைவதில்லை. பழைய ஆட்களான நாங்கள் இதை முதலில் ஏளனம் செய்தோம். சென்ற வாரம் அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கலுக்குப் போய், 1842 முதல் இருக்கும் அந்தக் கடையில் ஒரு மணி நேரம் நின்று கேட்டேன்.

இரண்டு பெட்டிகள் மனத்தில் நின்றன. ஒன்று பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50. ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர். 50, 25, அரை வாட் என்று திருப்பிக்கொள்ள ஒரு குமிழ். அகூஸ்டிக் என்னும் மரக் கிட்டாருக்குத் தனியாக ஒரு நாதம். ஹெட்போன் துளையும் யூ.எஸ்.பி.யும் உண்டு. டிரம்ஸோடு வாசிக்கவும் தாங்கும். மற்றது யமஹா டி.எச்.ஆர். 10 II. பார்த்ததும் டிபன் பாக்ஸ் என்று சிரித்துவிட்டேன். 8 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டுதான். ஆனால் நாம் மெதுவாகப் பேசும் அளவுக்கு இரண்டையும் குறைத்துக் கேட்டபோது, கட்டானா வேறு அறையில் ஒலிப்பது போல் ஒதுங்கிப் போனது, டிபன் பாக்ஸோ கிட்ட வந்து உட்கார்ந்தது. இதில் மாயம் எதுவும் இல்லை. ஓசை குறையக் குறைய நம் காது கீழ் ஸ்தாயியையும் உச்சத்தையும் விட்டுவிடும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம். சின்னப் பெட்டி அதற்கென்றே பதப்படுத்தப்பட்டது.

மாதம் ஒருமுறை நண்பர்களோடு மணிக்கணக்கு வாடகை அறையில் வாசிப்பேன் என்றாயே, அந்த அறைகளில் பெரிய ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருக்கும். வீட்டுக்கு மட்டும் என்றால் என் ஓட்டு சின்னதற்கு. பன்னிரண்டு அங்குலத்திலேயே வாழ்ந்தவன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். மேடையில் ஏறும் எண்ணம் உனக்கு உண்மையிலேயே இருந்தால் கட்டானாவை எடு, தவறில்லை. எதுவானாலும் உன் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வீட்டில் வாசிக்கப் போகும் ஓசையில் மட்டும் கேட்டு முடிவு செய். கடைப்பையன்கள் குமிழை ஏற்றிக் காட்டுவார்கள். சத்தம் கூடினால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே நாதத்தை மாற்றிக் காட்டும் நூறு எஃபெக்ட் இருக்கிறது என்பதற்காக மயங்காதே, நீ பயன்படுத்தப் போவது நான்கு.

ஹெட்போன் விஷயத்தில் மட்டும் அப்பா கண்டிப்பானவன். என் இடது காதில் இரவும் பகலும் சில்வண்டு கத்துவது உனக்குத் தெரியும். கூம்பு ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பலன் அது. அமைதியான அறையில் முதலில் பூஜ்யத்தில் வைத்து, கிட்டாரின் தந்தியிலிருந்து நேராக வரும் ஓசையை ஹெட்போன் மறைக்கும் அளவோடு நிறுத்திக்கொள்.

வீட்டு வயரிங்கையும் பார்த்தேன். ஹால் பிளக்கில் எர்த் சரியாக இல்லை; எலக்ட்ரீஷியனைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். எர்த் இல்லாவிட்டால் இரைச்சல் வரும், தந்தியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கவும் கூடும். உன் கிட்டாரில் இருப்பது சிங்கிள் காயில் என்னும் ஒற்றைச் சுருள் பிக்கப், அது ஃபேன் ரெகுலேட்டரின் முனகலையும் பழைய இன்வெர்ட்டரின் உறுமலையும் வாங்கிப் பாடும். அதற்கு ஆம்ப்ளிஃபையர் மேல் பழி போடாதே. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்து பார்.

ஆகவே அந்த நண்பருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. காலால் அழுத்தும் எஃபெக்ட் பெடல்களை மட்டும் எடுத்து வா. அவற்றின் அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அதையும் வை, 120 என்று மட்டும் இருந்தால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு, ரிச்சி தெருவில் நான் வேறு வாங்கித் தருகிறேன். விமானத்தில் ஏற்றுமுன் கிட்டாரின் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திவிடு. மூன்றாம் மாடி அம்மாளிடம் நீ வெள்ளிக்கிழமை வருகிறாய் என்று அம்மா சொல்லிவிட்டாள். கிட்டார் சமாச்சாரத்தை இன்னும் சொல்லவில்லையாம்.

அன்புடன்,
அப்பா