அப்பாவின் காலும் அரைஞாணும்

நகரி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள குண்டு,

நீ இப்போது இளைத்துவிட்டாய் என்று உன் அண்ணி சொன்னாள். அதற்காகப் பெயரையெல்லாம் மாற்ற முடியாது. இங்கே எல்லோரும் நலம். தறி ஓடுகிறது, ஆர்டர் சுமார், கரண்ட் வழக்கம் போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குக் காலில் ரத்தக்குழாய் அடைப்பு. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன். காலை எடுக்கும் நிலைமையெல்லாம் இல்லை, முதலில் அதைத் தெரிந்துகொள்.

ரொம்ப நாளாகவே ஏகாம்பரகுப்பம் வரை அவரால் ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. பாதி வழியில் வலது கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும். நிற்பார், பீடி பற்றவைப்பார், வலி போய்விடும், மறுபடி நடப்பார். பீடிதான் வலிக்கு மருந்து என்று டீக்கடையில் எல்லோருக்கும் உபதேசம் வேறு! உண்மையில் நின்றதால் போன வலி அது. நடக்கும்போது தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், அடைத்த குழாய் வழியே அவ்வளவு போகாது. நின்றால் தேவை குறைந்துவிடும். அந்தக் குழாயை அடைத்ததில் பீடிக்குத்தான் பெரிய பங்கு. மீதியைச் சர்க்கரை பார்த்துக்கொண்டது.

சித்தப்பா சும்மா விடுவாரா? கால்வலி என்றதும் புத்தூர் கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் கத்திக் கொண்டிருந்தேன். ஆனால் அங்கே கட்டுப் போடுகிறவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்பில் ஒன்றுமில்லை, கால் சில்லென்று இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதருக்கு ஒரு சேலையே எடுத்துக் கொடுக்கலாம், அவர் மனைவிக்கு.

திருப்பதியில் டாக்டர் இடுப்பு மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் பாதத்திலும் விரல் வைத்து நாடி தேடினார். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தார். 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று சந்தேகம். வலது கால் 0.6. இடது கால் 1.4க்கு மேல்! "அப்பாடா, அது நல்லா இருக்கு" என்றேன். இல்லையாம். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும், பட்டையால் அதை அமுக்கவே முடியாது, அதனால்தான் எண் பொய்யாக ஏறி நிற்கிறது என்றார். டாப்ளர் என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேனில் தொடையில் அடைப்பு தெரிந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை முழுப் படம் வேண்டும், மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார். சி.டி. ஏன் வேண்டாம் என்று கேட்டேன். சி.டி.யில் சுண்ணாம்பும் வெள்ளை, குழாயில் ஓடும் மருந்தும் வெள்ளை. முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களில் எது எது என்று பிரிப்பது கஷ்டம். எம்.ஆர்.ஐ.யில் சுண்ணாம்பு ஒளிராது, மருந்து கலந்த ரத்தம் மட்டும்தான் ஒளிரும். கதிர்வீச்சும் கிடையாது.

இங்கேதான் உன் பரம ரசிகன், நாம் சைக்கிள் பெல் என்று கூப்பிடுகிறவன், பெங்களூரிலிருந்து குதித்தான். "கடோலினியம் விஷம், அப்பா உடம்பில் ஏற்றாதே" என்று ராத்திரி முழுக்க மெசேஜ். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றும் மருந்தில் இருப்பது அந்தக் கடோலினியம்தான். எனக்குத் தூக்கம் போச்சு. எரிச்சல் என்னவென்றால் அவன் சொன்னதில் பாதி நிஜம். கடோலினியம் தனியாக இருந்தால் விஷம்தான், அதனால் வேறொரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் கொடுக்கிறார்கள். கிட்னி அதை வெளியே தள்ளாவிட்டால் பூட்டு தளர வாய்ப்பு உண்டு. 1997 முதல் கிட்னி நோயாளிகள் சிலருக்குத் தோல் தடித்து இறுகி, மூட்டை மடக்க முடியாமல் போனது. அதற்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று 2006இல்தான் புரிந்தது. மறு வருஷமே அமெரிக்காவில் மருந்து அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். பூட்டிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. நீளவாக்கில் பிடித்திருப்பது ஒன்று, வளையமாகச் சுற்றிப் பிடித்திருப்பது இன்னொன்று. வளைய வகை பிடியை எளிதில் விடாது. 2017இல் ஐரோப்பாவில் நீளவாக்கு மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்தார்கள்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி "விஷமா?" என்பது இல்லை. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது, எந்த வகை மருந்து, இந்த இரண்டும்தான். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்ட ஜி.எஃப்.ஆர். என்று ஒரு எண் உண்டு, 30க்குக் கீழே போனால்தான் ரொம்ப யோசிக்க வேண்டும். அப்பாவுக்கு 52. மருந்து வளைய வகை, எடையைப் பார்த்து, கிலோவுக்கு 0.1 மில்லிமோல். இதை எழுதி பெல்லுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது, அவ்வளவுதான்.

ஸ்கேன் நாளில் நடந்ததுதான் கூத்து. உடம்பில் உலோகம் இருக்கிறதா என்ற பட்டியலில் "கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா" என்று ஒரு கேள்வி. தறிக்கு வெல்டிங் வைப்பவரிடம் கேட்டால்? கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அப்புறம் வெள்ளி அரைஞாண். கழற்ற மாட்டேன் என்று அடம். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து தோற்றது போ. கடைசியில் அம்மா ஏதோ காதில் சொன்னாள், கழற்றிக் கொடுத்துவிட்டார். என்ன சொன்னாள் என்று இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

முதலில் மருந்தில்லாமல் ஒரு படம். பிறகு முழங்கை நரம்பில் மருந்தை மிஷின் தள்ள, பின்னாலேயே சலைன். மருந்து வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று இறங்க இறங்க, மேஜையும் அப்பாவோடு நகர்ந்து அதைத் துரத்துகிறது. பிறகு இரண்டாவது படத்திலிருந்து முதல் படத்தைக் கழித்தால் எலும்பு சதை எல்லாம் போய்க் குழாய் மட்டும் மிஞ்சும். சீக்கிரம் எடுத்தால் மருந்து வந்திருக்காது, தாமதித்தால் திரும்பிப் போகும் ரத்தமும் ஒளிர்ந்து எல்லாம் ஒன்றாகிவிடும். வயிற்றுப் பகுதிக்கு மூச்சை அடக்க வேண்டும். "ஊபிரி பிகபட்டண்டி" என்று தெலுங்கில் சொன்னார் டெக்னீஷியன். அப்பா மரியாதையாக "சரிங்க" என்று வாய் திறந்து பதில் சொல்லிவிட்டார். நல்லவேளை, அது ஒத்திகை.

படத்தைத் திரையில் காட்டினார்கள். வலது தொடை நடுவில் குழாய் மறைந்து, முழங்காலுக்கு மேலே மறுபடி முளைக்கிறது. இடையில் மெல்லிய வளைந்த கிளைகள். அந்தக் கிளைகள்தான் இத்தனை நாளும் காலைக் காப்பாற்றியிருக்கின்றன. கீழே மூன்று குழாய்களில் இரண்டு திறந்திருக்கின்றன. இடது காலில் ஒரு சுருக்கம் தெரிகிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. சுருக்கத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் வழக்கமுண்டு, அங்கே மறுபடி டாப்ளர் பார்ப்போம் என்றார் டாக்டர்.

பலூன் விட்டுக் குழாயை விரிப்பது இப்போதைக்கு இல்லை. புண் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வலித்தாலோ அப்போது யோசிப்பார்களாம். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று. நடைதான் பெரிய மருந்து: வலிக்கும்வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. அதைத்தானே இத்தனை நாள் செய்தேன் என்கிறார் அப்பா. ஆமாம், பீடியைத் தவிர. அதை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். சட்டைப்பையைத் தினமும் நான் மோந்து பார்க்கிறேன்.

உன் மாமியாருக்குக் கால்விரலில் புண் ஆறவில்லை என்று போன தடவை சொன்னாயே. களிம்பு போட்டுக்கொண்டு உட்காராதே. சர்க்கரைக்காரருக்கு ஆறாத புண் என்றால் ரத்தம் போகிறதா என்று முதலில் பார்க்கணும். இந்த வாரமே கூட்டிப் போ. ஸ்கேன் என்று சொன்னால் கிட்னிக்கு எடுக்கும் கிரியேட்டினின் ரத்த ரிப்போர்ட்டும், அவருக்கு முன்பு வைத்த ஸ்டென்ட் அட்டையும் கையோடு எடுத்துக்கொள். உன் வீட்டுக்காரர் "பார்க்கலாம்" என்பார். பார்க்கலாம் இல்லை, பார்.

சித்திரையில் வருவாயா? மாம்பழம் இந்த வருஷம் எப்படி என்று இன்னும் தெரியவில்லை. வரும்போது அம்மாவின் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவா, அவள் மறக்கவே இல்லை.

உன்
ஒட்டடைக்குச்சி