சித்தாளுக்கு வயது 56

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் சாரம் சரிந்த விபத்துச் செய்தி வந்திருந்தது. காயமடைந்தவர்களில் ஒருவர் கொத்தனார், வயது 30. இன்னொருவர் சித்தாள், வயது 56. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. என் அம்மாவும் சித்தாளாக இருந்தவர்.

சிற்றப்பா சித்தப்பா ஆனதைப் போலத்தான் சிற்றாள் சித்தாள் ஆனது. சித்தப்பாவில் உள்ள 'சிறு' இளையவர் என்று சொல்கிறதே தவிர, யாரையும் தாழ்த்தவில்லை. சித்தாளும் வேலை பழக வந்த இளைய ஆள்தான். பையன்களுக்கு இன்றும் அந்தப் பொருள் பொருந்துகிறது. செங்கல் எடுத்துக்கொடுக்க வருகிறவன் இரண்டு மூன்று வருடத்தில் கரணை பிடிக்கிறான், தூக்குக்குண்டு பார்க்கிறான், கொத்தனார் ஆகிவிடுகிறான். பெயரோடு 'ஆர்' விகுதியும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அம்மா 19 வயதில் சித்தாளாகப் போனார். 31 வருடம் கழித்து, மூட்டுவலி தாங்காமல் நின்றபோதும் சித்தாள்தான். கலவையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து, மணல் கூடிவிட்டதா தண்ணீர் கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவார். புதிதாக வந்த கொத்தனார்கள், "அக்கா, இது போதுமா?" என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவர் கையில் ஒருநாளும் யாரும் கரணையைக் கொடுத்ததில்லை.

சம ஊதியச் சட்டம் 1976ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று எந்த மேஸ்திரி கூலி பேசுகிறார்? கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்றுதானே பேசுகிறார்! பழகும் பருவத்தின் பெயரைப் பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் ஒட்டிவைத்தால், குறைந்த கூலிக்கு வேறு காரணமே தேவையில்லை.

அந்தச் சொல்லை ஒழிக்கச் சொல்லவில்லை. வேலை பழகுகிறவரைக் குறிக்க அருமையான தமிழ்ச் சொல் அது. தலையில் சும்மாடு வைத்து, சாந்துச் சட்டியோடு முப்பது வருடம் சாரம் ஏறிய பெண்ணைப் பற்றி எழுதும்போது மட்டுமாவது 'கட்டடத் தொழிலாளி' என்று தங்கள் செய்தியாளர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டடத் தொழிலாளியின் மகள்,
மேலூர், மதுரை மாவட்டம்.