இரும்புக் கடைக்குப் போடும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குத் திருச்செந்தூரில் முடியிறக்கிக் காது குத்திய சேதியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவ்வளவு தூரம் வந்தவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே அலைய முடியும், சரி விடு. குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் குறைவில்லை. காற்றுதான் ஆடி முடிந்தும் அடங்காமல் வாழையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய். ஆறுமுகநேரியில் உங்கள் அண்ணன் வீட்டுக் களத்தில் நிற்கிற லேலண்ட் லாரியை இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று. மாப்ளே, அவசரப்படாதே. நான் ஒரு தரம் வந்து பார்க்கும்வரை பொறு. ஏனென்றால் நம்ம டாடா ஃபோர் நாட் செவன் லாரி இப்போது ஓடுகிறது.

ஆமாம், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்திரிக்காயும் தடியங்காயும் ஏற்றி, விடிவதற்குள் புனலூர் போய்ச் சேர்வோமே, அதே வண்டிதான். 2005-ல் டாடாக்காரன் குட்டி யானை என்கிற ஏஸ் வண்டியை இறக்கியதிலிருந்தே சின்ன லோடெல்லாம் அதன் பக்கம் போய்விட்டது. நானும் ஓட்டிப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. 2013-ல் வீட்டுக்குப் பின்னால் புளிய மரத்தடியில் நிறுத்தினேன். அப்போது இது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. உங்கள் தூத்துக்குடி பிரிந்தது 1986-ல். ஃபோர் நாட் செவன் வந்ததும் அதே வருஷம்தான். யார் எப்படிப் பிரித்தாலும் எனக்கு எல்லாம் ஒரே திருநெல்வேலிச் சீமைதான்.

பெரியவன் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். ஒவ்வொரு தரமும் வாடகை வண்டிக்கு அழ வேண்டியிருக்கிறதே, நம்ம வண்டியை எழுப்பிப் பார்த்தால் என்ன என்று அவன்தான் ஆரம்பித்தான். அவன் சேக்காளிகள் டிராக்டரோடு வந்துவிட்டார்கள், கட்டி இழுத்து கியரில் போட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று. நல்ல வேளையாகத் தென்காசியிலிருந்து மெக்கானிக் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆரியங்காவில் ஸ்பிரிங் பட்டை உடைந்து நின்றபோது ராத்திரியில் வந்து மாற்றிக்கொடுத்தாரே, அவர்தான். பட்டறையை மகன்களிடம் விட்டுவிட்டார். ஆனாலும் பழைய வண்டி என்றால் கிளம்பி வந்துவிடுவார்.

வந்தவர் முதலில் அந்த டிராக்டரைத் திருப்பி அனுப்பினார். பல வருஷம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து லைனரோடு ஒட்டியிருக்கலாம், வால்வு தண்டு சிக்கியிருக்கலாம். அதை இழுத்துச் சுற்ற வைத்தால் ரிங் உடையும், புஷ் ராடு வளையும். மெதுவாக விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய இன்ஜின் அந்த ஒரு இழுப்பில் போய்விடும் என்றார்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, ஒவ்வொரு துளை வழியாகவும் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, துணியால் அடைத்து வைத்தார். 497 என்று இந்த இன்ஜினுக்கு ஏன் பெயர் என்று அன்றைக்குத்தான் பெரியவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் எண் நாலு சிலிண்டர், அடுத்த இரண்டும் சிலிண்டரின் உள்வாய் 97 மில்லிமீட்டர். பெரிய லாரியில் வருகிற 697-க்கும் அதே கணக்குதான். அவன் அதைக் கேட்டதிலிருந்து பார்க்கிற இன்ஜினையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

எண்ணெய் ஊறட்டும் என்று விட்டுவிட்டு அவர் பிரித்தது பிரேக்கை. இன்ஜின் ஓடுமா என்றே தெரியவில்லை, அதற்குள் பிரேக்குக்குச் செலவா என்று வீட்டில் கேட்டார்கள். அண்ணாச்சி அதற்கெல்லாம் அசையவில்லை. ஓடுகிற வண்டியை நிறுத்தத் தெரியாமல் ஏன் ஓட வைக்க வேண்டும் என்று ஒரே பேச்சு. அவர் சொன்னது சரி. இன்ஜின் பிடித்த சந்தோஷத்தில் யாராவது ஒருத்தர் ஏறி உட்கார்ந்து நகர்த்தத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பிரேக் இல்லாமல் களத்துச் சுவரை இடித்த வண்டிகள் ஊருக்கு ஊர் உண்டு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சாரல் காற்று வருஷக்கணக்காகப் படுகிற ஊரில் கேட்கவே வேண்டாம். வீல் சிலிண்டர் ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே பிஸ்டன் துருவோடு இறுகிப்போயிருந்தது. சிலிண்டர்கள், ரப்பர் கப்புகள், ஹோஸ் எல்லாம் புதுசு போட்டோம். ஹோஸ் வெளியே நன்றாகத்தான் தெரிந்தது. அண்ணாச்சி ஒன்றை நறுக்கிக் காட்டினார், உள்ளே ரப்பர் ஊதி, துளை ஊசி போகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அப்படிப்பட்ட ஹோஸில் மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது.

டயரைச் சொல்ல வேண்டும். ஸ்டெப்னியோடு ஏழும் போயிற்று. பட்டன் தேயவில்லை, பக்கவாட்டில் விரல் நகம் போகிற வெடிப்பு. பெரிய செலவு அதுதான். வயரிங்கை எலி தின்றுவிட்டது, அதுவும் புதுசு.

அப்புறம் டீசல். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியிலிருந்து கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு கசடு வழிந்தது. டேங்குக்குள் வியர்த்த தண்ணீர் அடியில் தங்கும், அந்தத் தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து இப்படி ஆகிவிடுமாம். டேங்கைக் கழுவிக் காயவைத்து, பைப் லைன் முழுவதையும் ஊதி, இரண்டு ஃபில்டரையும் மாற்றினோம்.

பம்பை மட்டும் அவர் தானே தொடவில்லை. திருநெல்வேலியில் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனோம். பம்புக்குள் சுண்டு விரலை விட மெலிந்த பிளஞ்சர் என்கிற தண்டு, பேரல் என்கிற குழலுக்குள் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். அதற்குள் பழைய டீசல் காய்ந்து பிசினாகி ஒட்டிவிட்டால் பிளஞ்சரும் நகராது, அதைத் திருப்பி டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக்கும் நகராது. நம்ம பம்பில் ரேக் சிக்கியிருந்தது. அது திறந்த நிலையில் சிக்கியிருந்து, நாம் அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா? இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும், நிறுத்துகிற கம்பியை இழுத்தாலும் நிற்காது. இந்தப் பழைய டீசல் இன்ஜினில் சாவியைத் திருப்பி அணைக்கிற வேலை கிடையாது. டீசலை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்றை நிறுத்த வேண்டும்.

அதனால் ஸ்டார்ட் செய்த அன்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். காற்று போகிற குழாயை ஏர் ஃபில்டரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் வாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகையோடு என்னை நிறுத்தினார். இன்ஜின் அலறினால் யோசிக்காமல் பலகையை வைத்து அடைத்துவிட வேண்டும், கையை மட்டும் வைக்கக் கூடாது. பம்ப் புதுசு மாதிரி வந்த பிறகும் இந்த ஏற்பாட்டை அவர் விடவில்லை.

அதற்கு முன்பே கிராங்க் புல்லியின் நட்டில் பெரிய ஸ்பானரைப் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தாகிவிட்டது. முதலில் மரம் மாதிரி நின்றது. அண்ணாச்சி பலத்தைக் காட்டவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்துவிட்டு, மறுபடி எண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் சாயங்காலம் அது ‘கிர்’ரென்று நகர்ந்து முழுச் சுற்று வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டாப்பெட் கவரைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி, இன்ஜெக்டர் இல்லாமலே செல்ஃப் மோட்டாரில் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணைந்த பிறகுதான் இன்ஜெக்டரை மாட்டினார். பேரிங்கில் எண்ணெய் போய்ச் சேராமல் பிடிக்க வைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

டீசல் லைனிலிருந்து ஏர் எடுக்கிற வேலையை நீ செய்வாயே, அதைப் பெரியவன் கையில் கொடுத்தேன். ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பம்பை அமுக்க அமுக்க, முதலில் வெறும் காற்று சீறியது. அப்புறம் வெள்ளை நுரை. நுரைக்குள் டீசல், டீசலுக்குள் குமிழ். குமிழ் பெரிசிலிருந்து சின்னதாகி, கடுகளவாகி, நின்றுபோய், தெளிந்த டீசல் அறுபடாமல் வழிந்தது. அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை முறுக்கிவிட வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் திரும்பக் காற்று ஏறும். அவன் சரியாகச் செய்தான். இன்ஜெக்டர் நட்டுகளிலும் அதே மாதிரி.

செல்ஃப் கொடுத்ததும் சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. கூடவே உள்ளிருந்து குளவிக்கூடு மண் பொடிப்பொடியாகப் பறந்தது. கொஞ்சம் நேரம் மூன்று சிலிண்டர்தான் அடித்தது, வண்டியே உதறியது. நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது சேர்ந்ததும் உதறல் நின்றது. ஊற்றி வைத்த எண்ணெயெல்லாம் நீலப் புகையாக எரிந்து முடிந்து, சத்தம் ஒரு சீராக வந்தது. நீ அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் மாப்ளே. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளட்ச் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு மிதித்தும் கியர் விழவில்லை. பின் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியரில் போட்டபடியே ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக்கைத் தட்டினார். ‘டக்’கென்று தட்டு விட்டுவிட்டது.

காகித வேலை தனிக் கதை. வரி பாக்கி, இன்ஷூரன்ஸ், கடைசியில் எஃப்சி என்கிற தகுதிச் சான்று. எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுத்தாக வேண்டும், அது கையில் இல்லாமல் ரோட்டில் ஏற்றக் கூடாது. வாங்கியதும் பெரியவன் முதல் லோடு எலுமிச்சை ஏற்றினான். நானும் கூடப் போனேன். புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரில் அலுக்காமல் ஏறியது, ஹீட் முள் பாதியைத் தாண்டவில்லை. தென்மலைப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் இப்போது அகல ரயில் போகிறது, 2018-ல் திறந்துவிட்டார்கள். நீ பார்த்தது மீட்டர் கேஜ்தானே.

இனி உன் லாரிக்கு வருகிறேன். உங்கள் வண்டி உப்பு லோடு அடித்தது, அதுதான் என் கவலை. உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்திருக்கும், துரு நிற்கவே செய்யாது. அதனால் இன்ஜினை விட்டுவிட்டு முதலில் சேஸை, அதாவது வண்டியின் அடிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அண்ணனைவிட்டு ஒரு சுத்தியலால் சேஸ் நெடுக, முக்கியமாக கேபினுக்குப் பின்னாலும் ஸ்பிரிங் தொங்கல் மாட்டியிருக்கிற இடங்களிலும் பாடிக் கட்டை உட்கார்ந்திருக்கிற இடங்களிலும் தட்டிப் பார்க்கச் சொல். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டு அடுக்கடுக்காகத் துரு உதிர்ந்தால், அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவர நானே சம்மதிக்க மாட்டேன். மேலே தகடு வைத்து ஒட்டி லோடு ஏற்றுவதெல்லாம் உயிரோடு விளையாடுவது.

சேஸ் நன்றாக இருந்தால், டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கட்டும். ஆயில் மட்டம் ஏறி, பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கருப்பாகவே இருந்தால் நம்பிக்கை உண்டு. யாரும் செல்ஃப் அடிக்க வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். உங்களுடையது காற்று பிரேக், அதன் வேலை வேறு. அதை அண்ணாச்சி பார்த்துக்கொள்வார்.

சேஸ் போய்விட்டது என்றாலும் எடைக்குப் போடாதே. இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் வருவார்கள், இரும்பு விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆர்சியை ரத்து செய்யாமல் மட்டும் எதையும் கை மாற்றாதே. வண்டி உடைந்து உருகிப்போன பிறகும் காகிதத்தில் உங்கள் அப்பா பெயரில் உயிரோடு இருக்கும். நாளைக்கு அந்த நம்பரை யாராவது எதிலாவது மாட்டி ஓட்டினால், கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் என்றால் வருகிறேன் என்றார். புரட்டாசியில் உனக்கு எந்தத் தேதி தோது என்று எழுது. ஆர்சி புத்தகத்தையும், கிடைத்தால் பழைய சாவியையும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து நேரே ஆறுமுகநேரி வந்துவிடு. நாங்கள் ஃபோர் நாட் செவனிலேயே வந்துவிடுகிறோம். ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய பார்ட்னர்