மகளின் மாத்திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

என் மகளுக்கு இருமுனைக் கோளாறு, மனம் சில நாள் அளவுக்கு மீறித் துள்ளும், சில நாள் அடியோடு சோர்ந்துவிடும். அதற்கான லித்தியம் மாத்திரையை அவள் சாப்பிடத் தொடங்கி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நேற்று ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தாள். காலை ஆறு மணிக்கு நான்தான் எழுப்பினேன். இதில் என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் நினைக்கலாம். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில் அவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குப் புரியும். நேரில் நன்றி சொல்ல வந்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை. பெரியவளானதும் இதை யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

முதலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த ஆகஸ்டில் எட்டு வயதுப் பிள்ளை மூன்று ராத்திரி தூங்கவில்லை, களைப்பும் இல்லை. பள்ளிக்கூடமே தன்னுடையது, எல்லோருக்கும் தானே சம்பளம் தரப்போகிறேன் என்று நம்பிச் சொன்னாள். அக்டோபரில் அதே பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்போது நாங்கள் போன ஓரிடத்தில் மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை தந்தார்கள். சில நாட்களில் மறுபடி தூக்கம் போனது, ஆகஸ்டைவிட மோசமாக. அந்த நடுராத்திரியில் 14416 எண்ணுக்கு அழைத்தேன். அரசின் மனநல உதவி எண்ணான அந்த டெலி மானஸில் தமிழில் பேசிய சகோதரி, மாத்திரை அட்டைகளைப் பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொன்னார், குழந்தைகளுக்கான மனநல மருத்துவரை உடனே பார்க்கச் சொன்னார். உங்கள் பெயர்கூடத் தெரியாது அம்மா, நன்றி.

மதுரையில் டாக்டரம்மா முதல் நாளே நோய்க்குப் பெயர் வைத்துவிடவில்லை. வீட்டில், பள்ளியில் என்ன கிடைத்தாலும் கொண்டுவரச் சொன்னார். டீச்சர் பழைய கட்டுரை நோட்டுகளை எடுத்து வைத்திருந்தார். ஜூனில் வரி மாறாத எழுத்து. ஆகஸ்டில் ஒரே நாளில் பதினான்கு பக்கம், எழுத்தெல்லாம் பெரிதாகி ஓரத்தைத் தாண்டி ஓடுகிறது. அக்டோபரில் தேதி மட்டும். துறுதுறுப்பு எப்போதும் இருந்தால் அது வேறு, இப்படி அலையாக வந்து போனால் இருமுனைக் கோளாறா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மருந்து பற்றிய பேச்சே அந்த நோட்டுகளுக்கு அப்புறம்தான் தொடங்கியது. டீச்சர், அதை எடைக்குப் போடாமல் வைத்திருந்தீர்களே!

டாக்டரம்மா, உங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. சீட்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். எங்களை உட்காரவைத்து இந்த நோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன், லித்தியம், வால்ப்ரோயேட் என்ற மூன்று மருந்துகளையும் பற்றிச் சொன்னீர்கள். 6 முதல் 15 வயது வரையுள்ள 279 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னீர்கள். எட்டு வாரத்தில் ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கும், லித்தியத்தில் 36 பேருக்கும், வால்ப்ரோயேட்டில் 24 பேருக்கும் குணம் தெரிந்ததாம். அப்படியென்றால் ரிஸ்பெரிடோன்தானே என்று என் கணவர் கேட்டார். "வேகமாக அடக்கும், எடையும் கூடும்" என்றீர்கள். அமெரிக்காவில் இந்த நோய்க்கு அந்த மருந்தைப் பத்து வயதிலிருந்துதான் அனுமதித்திருக்கிறார்கள், லித்தியத்தை ஏழிலிருந்து என்பதையும் மறைக்கவில்லை. வால்ப்ரோயேட் வேண்டாம் என்று நீங்கள் சொன்ன காரணம் இன்னும் காதில் இருக்கிறது. பெண் பிள்ளை, நாளைக்கு அவளுக்கும் ஒரு பிள்ளை வயிற்றில் வளரும்போது இந்த மருந்து அதைப் பாதிக்கலாம், இப்போதே அதையும் யோசிக்கணும் என்றீர்கள். எட்டு வயதுக்காரியின் இருபத்தைந்து வயதையும் யோசித்த டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ரிஸ்பெரிடோன் இரண்டு வாரத்தில் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் ஆறு மாதத்தில் ஏழு கிலோ ஏறியது. சாப்பிட்டு எழுந்த பிள்ளை தட்டைக் கழுவுவதற்குள் பசிக்குது என்று அழும். மாற்றலாமா என்று பேசிய அன்று, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று மறுபடியும் கேட்டீர்கள். யாருக்கும் இல்லை என்று மறுபடியும் சொன்னோம்.

அன்று எங்களைக் காரில் அழைத்துவந்தது என் கொழுந்தன். வழி முழுக்கப் பேசவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "அண்ணி, பதினோரு வருஷமா இதைத்தான் சாப்பிடுறேன்" என்றார். திருப்பூரில் வேலை பார்த்தபோது வந்ததாம். மனைவிக்கு மட்டும் தெரியும். மாத்திரையைக் கடைக் கல்லாவில் வைத்திருப்பாராம். அத்தைக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து உள்ளே போய் மகனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

தம்பி, அது லித்தியம் அட்டை. ரத்த உறவில் ஒருவருக்கு லித்தியம் நன்றாகக் கேட்டிருந்தால் இவளுக்கும் கேட்க வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தையில்தான் எங்களுக்குத் துணிவு வந்தது. பதினோரு வருடம் காத்த ரகசியத்தை ஒரு பிள்ளைக்காக உடைத்தீர்கள். இதை எழுதலாமா என்று கேட்டபோதும் "எழுதுங்க அண்ணி" என்றீர்கள். இந்த மடலில் முதல் நன்றி உங்களுக்குத்தான், எழுதி வந்த வரிசையில் பின்னால் வந்துவிட்டது.

லித்தியம் சாதாரண மாத்திரை இல்லை. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை நிற்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் வரும். தனியாக நான் இதைக் காவல் காத்திருக்க முடியாது.

இப்போதைய டீச்சர் அவள் மேசையில் தண்ணீர் பாட்டிலை வைக்கவிட்டார், கேட்காமலே கழிப்பறைக்குப் போகலாம் என்றார். அந்த மாத்திரைக்குத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும். கத்திரி வெயிலில் விளையாட்டுப் பீரியடில் அவளை நிழலில் உட்காரவைத்தவரும் அவரே. மெடிக்கல் அண்ணனிடம் ஒருநாள் காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் சிரப் கேட்டேன். எடுத்த பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, "பாப்பா லித்தியம் சாப்பிடுதே, இது சேராதும்மா" என்று பாராசிட்டமால் தந்தார். நான் மறந்திருந்தேன் அண்ணா, நீங்கள் மறக்கவில்லை. சாதா மாத்திரைக்குப் பதில் மெதுவாகக் கரைகிறதைத் தந்துவிடக் கூடாது என்று அவளுக்கு உரியதைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறீர்கள்.

அத்தை ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தினமும் அவள் படுத்த நேரம், எழுந்த நேரம், சிரித்தாளா, எரிந்து விழுந்தாளா என்று எழுதுகிறார். மாதாமாதம் அந்தக் கட்டைத்தான் டாக்டரம்மா முதலில் வாங்கிப் பார்க்கிறார். குழம்பில் உப்பை ஒருநாள் குறைத்து ஒருநாள் கூட்டினால் மருந்தளவு மாறும் என்று கேட்டதிலிருந்து, அத்தை உப்புக்கென்று ஒரே கரண்டி வைத்திருக்கிறார்.

கடைசியாக லேப் தம்பி. ராத்திரி எட்டு மணி மாத்திரைக்கு அப்புறம் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். உங்கள் லேப் ஒன்பதுக்குத்தான் திறக்கும். பிள்ளைக்குப் பள்ளி போய்விடக் கூடாது என்று எட்டு மணிக்கே வந்து திறக்கிறீர்கள். ஊசி குத்தும்போது அவள் எண்ணுவதற்காக நீங்களும் சேர்ந்து எண்ணுகிறீர்கள். போன தடவை 0.8. தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றன.

அடுத்த பரிசோதனை வருகிற செவ்வாய்க்கிழமை. ஏழே முக்காலுக்கே வாசலில் நிற்போம் தம்பி.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா