பிரம்மதேசத்து அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிரம்மதேசம் கோயிலுக்குப் போன இடத்தில் அப்பா திடீரென்று சாய்ந்தது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப விரிவாக எழுத மனமில்லை.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே பைக்கில் வந்தவர்கள், பணம் கட்டும் வரிசையில் எனக்காக நின்றவர்கள், அம்மாவுக்கு மாற்றுப் புடவை கொண்டுவந்த தோழி, இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நர்ஸ்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவருக்கு மட்டும் நேரில் சொல்ல முடியவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா. அப்பா சாய்ந்ததும் முதலில் ஓடிவந்தது அவர்தான். அடிபம்பிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, தன் முந்தானையை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்தார். வண்டி கிளம்பும்போது, தான் குடிக்க வைத்திருந்த பாட்டிலை அம்மாவின் கையில் திணித்தார். "வெச்சிக்கோம்மா, அங்க போனா தண்ணிக்கு யார்கிட்ட கேப்ப?" நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. ஐசியூ வாசலில் இரவு முழுக்க அம்மா குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். வெயிலில் ஆட்டோடு நின்ற அவர் அன்று எதைக் குடித்தாரோ.

அன்று காலை சந்திரமௌலீசுவரர் கோயிலில் அப்பா சொல்லிக்கொண்டிருந்ததும் ஒரு தண்ணீர் கதைதான். 1044-இல் இராசேந்திர சோழர் இறந்தார். கங்கை வரை படை அனுப்பியவர், கடாரத்துக்குக் கப்பல் விட்டவர். அவரோடு தேவி வீரமாதேவியும் உயிரை விட்டார். அரசரை அடக்கம் செய்த இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். வீரமாதேவியின் உடன்பிறந்தவர் மதுராந்தகன் பரகேசரி வேளான், சோழர்களின் சேனாபதி. அவர் பிரம்மதேசத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடை வைத்தார். இராசேந்திரரின் மகன் இராசாதிராசரின் 26-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது.

கணவனோடு சாவதைப் பெருமையாகப் பேச என்னால் முடியாது. நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஆனால் அந்த சேனாபதியை நினைத்துக்கொண்டே இருந்தேன். கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தவர், அவள் பெயரால் யார் யாருக்கோ தாகம் தீரட்டும் என்று நினைத்திருக்கிறார். முன்பு அதை ஒரு வரலாற்றுத் தகவலாகத்தான் படித்தேன். அம்மா அந்த பாட்டிலை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இனி ஒவ்வொரு கோடையிலும் அந்த ஊரில், பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொண்டு, ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவோம். மண்பானை, மோர், ஆடு மாடுகளுக்கு ஒரு தொட்டி, அவ்வளவுதான். செலவு எங்கள் வீட்டுடையது, யாரும் பணம் அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் அக்காவைப் பார்த்தால், அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். பந்தலை அவர்தான் திறந்துவைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதையும் சொல்லுங்கள்.