புதிய திரை அளவைச் சேர்ப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததையொட்டி, பழைய மடிக்கணினிகளைக் கழித்துக்கட்டாமல் லினக்ஸுக்கு மாற்றிக்கொள்ளுமாறு தங்கள் நாளிதழின் கணினிப் பக்கம் வலியுறுத்திவருவது வரவேற்கத்தக்கது. ஆனால், மானிட்டரையோ புரொஜெக்டரையோ இணைக்கும்போது 1920×1080 என்னும் தெளிவுத்திறன் பட்டியலில் இல்லையென்றால் திரை அமைப்பை மாற்ற உதவும் எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளையால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அண்மைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. சொன்னது தவறில்லை. சொல்லாமல் விட்டவைதாம் படிப்பவரைத் திண்டாட வைக்கும்.

அந்த அளவு பட்டியலில் ஏன் இல்லை என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு மானிட்டரும் தனக்கு ஏற்ற அளவுகளை ஈடிஐடி எனப்படும் 128 பைட் கொண்ட சிறு தகவல் தொகுதியில் வைத்திருக்கிறது. கணினி அதைப் படித்துத்தான் பட்டியலைத் தயாரிக்கிறது. பள்ளி ஆய்வகங்களில் இன்றும் புழங்கும் விஜிஏ கேபிளின் 15 ஊசிகளில் 12-ஆவதும் 15-ஆவதும் இந்தத் தகவலைக் கொண்டுவருவதற்கானவை. மலிவான கேபிள்கள் பலவற்றிலும், ஒரு கணினியை இரண்டு திரைகளுக்குப் பிரித்துத் தரும் சில பெட்டிகளிலும் இவ்விரு இணைப்புகளும் இருப்பதில்லை. படம் வரும், தகவல் வராது. எதிரே இருக்கும் திரை எதுவென்று தெரியாத லினக்ஸ், ஆபத்தில்லாத 1024×768 அளவோடு நின்றுகொள்கிறது. இதைக் கண்டு லினக்ஸைக் குறை சொல்வோர் பலர். நல்ல கேபிள் ஒன்றை மாற்றினால் கட்டளை எதுவும் இல்லாமலே பட்டியல் முழுமையாக வந்துவிடுவதும் உண்டு.

கேபிளை மாற்ற வழியில்லாத இடத்தில்தான் கட்டளைக்கு வேலை. சிவிடி என்னும் கட்டளைக்கு அகலம், உயரம், நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற எண் ஆகியவற்றைக் கொடுத்தால், அது மோட்லைன் என்னும் எண்வரிசையைத் தருகிறது. அந்த வரிசையை எக்ஸ்ரேண்டரிடம் புதிய அளவாகப் பதிந்து, உரிய இணைப்புக்குச் சேர்த்து, பிறகு நடைமுறைப்படுத்த வேண்டும். 1920×1080-ஐ 60 ஹெர்ட்ஸில் கேட்டால் வரிசையின் முதல் எண், அதாவது திரைக்குப் புள்ளிகள் அனுப்பப்படும் வேகம், 173 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு சுமார் 17.3 கோடிப் புள்ளிகள்) என்று வரும். கண்ணுக்குத் தெரியும் 1920 புள்ளிகளுக்கு மொத்தம் 2576 புள்ளிகளும், 1080 வரிகளுக்கு மொத்தம் 1120 வரிகளும் கணக்கில் எடுக்கப்படுவதே இதற்குக் காரணம். அந்த உபரி, பழைய குழாய்த் திரைகளில் மின்னணுக் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்ததற்குத் திரும்புவதற்காக ஒதுக்கப்பட்ட நேரம். இன்றைய எல்சிடி திரைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அதே கட்டளையோடு ஆர் என்னும் விருப்பக்குறியைச் சேர்த்தால் உபரி சுருங்கி, எண் 138.5 மெகாஹெர்ட்ஸாகக் குறைகிறது. திரையை இணைக்கும் கேபிள் வகைகளான ஒற்றை இணைப்பு டிவிஐ-யும் தொடக்ககால எச்டிஎம்ஐ-யும் 165 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காதவை என்பதால், இந்த ஓர் எழுத்தே திரையில் படம் வருவதையும் வராமல் போவதையும் தீர்மானித்துவிடக்கூடும். இணையத்தில் கிடைக்கும் பிறருடைய மோட்லைனை அப்படியே எடுத்து ஒட்டுவோர் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

மடிக்கணினியின் சொந்தத் திரைக்கு வருவோம். தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளின் காலத்தில், சாதாரண விலை மடிக்கணினிகளுக்கு 1366×768 என்பதே வழக்கமான திரை அளவு. அதில் 1920×1080-ஐச் சேர்க்க முயல்வது ஆழாக்குக்குள் ஒரு படி அரிசியை அடைப்பதைப் போன்றது. எக்ஸ்ரேண்டரின் ஸ்கேல் வசதியால் பெரிய பரப்பைச் சுருக்கிக் காட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் எழுத்துகள் மங்கும், ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிகமாகவே பாதிக்கப்படும். மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, ‘ரி’யா ‘ரீ’யா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். இடம் போதவில்லை என்பவர் எழுத்தின் அளவையும் பலகங்களின் பருமனையும் குறைத்துக்கொள்வதே மேல். போகிற போக்கில் ஒன்று: 1366 என்பது எட்டால் வகுபடாத எண்ணாதலால், சிவிடியிடம் அந்த அளவைக் கேட்டால் 1368 என்றே திருப்பித் தரும். அது பிழையன்று.

எக்ஸ்ரேண்டரால் சேர்த்த அளவு, கணினியை அணைத்து ஏற்றியதும் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால் பயனர் உள்நுழையும்போது இயங்கும் எக்ஸ்ப்ரொஃபைல் கோப்பில் அக்கட்டளைகளை எழுதிவைக்க வேண்டும்.

இவை அனைத்தும், லினக்ஸில் திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ் சாளர அமைப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பது கட்டுரையில் விடுபட்டவற்றுள் முதன்மையானது. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவில் 21.04 பதிப்பிலிருந்து பெரும்பாலான கணினிகளில், எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்ட் முறையே இயல்பிருப்பாக உள்ளது. அங்கே எக்ஸ்ரேண்டர் திரையின் விவரங்களைக் காட்டும், ஆனால் புதிய அளவை ஏற்காது. அத்தகைய கணினியில், கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பில், லினக்ஸின் கருவான கெர்னலுக்குத் தரும் வீடியோ என்னும் அளவுருவாக இணைப்பின் பெயரையும் வேண்டிய அளவையும் எழுதி, கிரப்பைப் புதுப்பித்து, கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். புதிதாக லினக்ஸுக்கு வரும் வாசகருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே கணினிப் பக்கத்தில் இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, அவை எக்ஸுக்கானவையா வேலேண்டுக்கானவையா என்பதைத் தலைப்புக்குக் கீழேயே குறிப்பிடுமாறும், முந்தைய கட்டுரைக்கு இவ்வகையில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.