மாப்பிள்ளைக்கு, ஏஜென்ட் ஒப்பந்தம் பற்றி

ஈரோடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய ஒப்பந்த நகலைப் படித்தேன். கால்பந்து ஆடும் உங்க அக்கா பையனுக்கு ஏஜென்ட் அமைந்ததில் சந்தோஷம்தான். ஆனால் கையெழுத்து இப்போதைக்கு வேண்டாம். ஏஜென்டுக்குப் பத்து சதவீதம் கமிஷன் அதிகமா என்று கேட்டிருந்தாய். அந்த ஆள் கிளப்பிடமும் காசு வாங்குவாரா என்பதை முதலில் கேள். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் பக்கம் காடு தோட்டம் விற்கும்போது பார்த்திருக்கிறாயே. புரோக்கர் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவார், ஊரறிய வாங்குவதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. விற்கிறவரிடம் ஒரு விலை, வாங்குகிறவரிடம் ஒரு விலை சொல்லி, நடுவில் மேல வைத்தது வெளியே வரும்போதுதான் கட்சிக்காரர் வக்கீலான என்னைத் தேடி வருவார்.

கால்பந்திலும் இதே கதைதான். 2016இல் பால் போக்பா என்ற ஆட்டக்காரர் ஜுவெண்டஸ் கிளப்பிலிருந்து மான்செஸ்டர் யுனைடெடுக்கு 10.5 கோடி யூரோவுக்குப் போனார். அவருடைய ஏஜென்ட் மீனோ ரையோலாவுக்கு விற்ற கிளப், வாங்கிய கிளப், ஆட்டக்காரர் என மூன்று பக்கமிருந்தும் பணம் என்று கசிந்த ஆவணங்களை வைத்து மறு வருடம் செய்தி வந்தது. ஜுவெண்டஸ் பக்கம் மட்டும் 2.7 கோடி யூரோ என்றார்கள். அப்படியானால் அந்த மனுஷன் யாருக்காகத்தான் விலை பேசினார்?

இதையெல்லாம் அடக்கத்தான் உலகக் கால்பந்துச் சங்கமான பிஃபா 2023இல் புது விதி கொண்டுவந்தது. ஆட்டக்காரருக்காகப் பேசினால் ஏஜென்டுக்கு அதிகபட்சம் வருடச் சம்பளத்தில் 2 லட்சம் டாலர் வரை 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 3. ஆட்டக்காரர், வாங்கும் கிளப் இருவருக்கும் சேர்த்துப் பேசலாம், இருவரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். விற்கும் கிளப்பை அதில் சேர்க்கக் கூடாது. ஏஜென்ட்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜெர்மனியில் டார்ட்மண்ட் நீதிமன்றம் மே மாதம் தடை போட்டது. ஜூலையில் சுவிட்சர்லாந்தில் இருக்கும் சர்வதேச விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் விதி செல்லும் என்றது. கடைசியில் டிசம்பர் 30ஆம் தேதி பிஃபாவே முக்கியமான பிரிவுகளை உலகம் முழுக்க நிறுத்தி வைத்தது. உச்சவரம்பு போனதில் எனக்கு வருத்தமில்லை; கூலியை அவரவர் பேசிக்கொள்ளட்டும். ஆனால் பல பக்கம் வாங்குவதற்கான கட்டுப்பாடும் கூடவே போனது அநியாயம்.

சரி, நம் பையன் விஷயம். ஐந்து வருடம், முடிந்தால் தானாகவே நீளும் என்று போட்டிருக்கிறார்கள். ஆட்டக்காரரோடு போடும் ஒப்பந்தம் 2 வருடத்துக்கு மேல் போகக் கூடாது, தானாக நீளும் ஷரத்து செல்லாது என்பது பிஃபா விதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யார் ஒப்பந்தம் பேச வந்தாலும் அதை முதலில் இந்த ஏஜென்டிடம்தான் காட்ட வேண்டுமாம். இதே மாதிரி ஷரத்தை வைத்துத்தான் பெர்செப்ட் டி'மார்க் என்ற ஏஜென்ட் கம்பெனி கிரிக்கெட் ஆட்டக்காரர் ஜாகீர் கான் மேல் வழக்குப் போட்டது. ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக, செல்லாத ஷரத்துதானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதே. ஜாகீருக்குத் தீர்ப்பு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, இருபது வயசுப் பையனுக்கு அது சின்னக் காலமில்லை.

நான் எழுதித் தரும் வரி இதுதான்: வேறு எவரிடமிருந்து எவ்வளவு வாங்கினாலும் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும், மறைத்தால் கமிஷன் கிடையாது. அதற்கு அவர் ஒத்துக்கொண்டால் பத்தே இருக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். உரிமம் பெற்ற ஏஜென்ட்களின் பட்டியலைப் பிஃபா தன் தளத்தில் வைத்திருக்கிறது. அவர் பேர் அதில் இருக்கிறதா என்று இன்றே பார்.

அப்புறம், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று விட ஆள் கிடைக்கவில்லை, அப்பாரு என் மேல் எரிந்து விழுகிறார். ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் பையனையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா சந்தகை பிழிகிறேன் என்கிறாள்.

உன் மச்சான்